ஒன்றரை அடி

பதினோராவது இரவு, ராட்டர்டாம்.
கூரையின் இரும்புச் சட்டத்தில் தொங்கும் நாற்காலியில்
இடுப்புப் பட்டையை இரண்டாம் முறை இழுத்துப் பார்க்கிறாள்
வீப்கே டைக்ஸ்ட்ரா.
ஏறிவிட்டால் இரண்டரை மணி நேரம் இறங்க முடியாது,
மதியத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை.
சட்டைப்பையில் இஞ்சி மிட்டாய் இரண்டு.
கீழே பதினைந்தாயிரம் பேர்
ஒரே ஒரு பெயரைக் கூவிக்கொண்டிருக்கிறார்கள்.

ஜுசாரா. ஜுசாரா.

ஐந்து வருடங்களுக்கு முன் இதே அரங்கில்
ஐந்து பெயர்களைக் கூவினார்கள்.
ரெசிஃபேயிலிருந்து வந்த ஐந்து பெண்கள்,
ஐந்து விளக்குகள்.
நான்காவது பெண்ணுக்கு நான்காவது விளக்கு,
அது வீப்கேயின் கையில் இருந்தது.
மூன்றாவது பாட்டின் நடுவில் பதினாறு விநாடி,
கடைசிப் பாட்டில் ஒரு வரி,
மற்ற நேரமெல்லாம் பிறர் ஓரத்தில்
பாதி வெளிச்சத்தில் தோள் அசைப்பது.
அன்று அவள் பங்கு அவ்வளவே.

இப்போது எல்லா விளக்கும் அவளுக்கு.
மேடையில் ஒட்டிய குறியும் ஒன்றுதான்:
நட்டநடுவில், வெள்ளை நாடாவில் ஒரு பெருக்கல் குறி.
எண் எழுதவில்லை. யாரிடமிருந்து பிரித்துக் காட்ட?

ஆனால் அவள் அங்கே நிற்பதில்லை.

லிஸ்பனில் நிற்கவில்லை, லியோனில் நிற்கவில்லை.
ஒவ்வோர் ஊரிலும் விளக்குக்காரர்களுக்கு வரும் தாளில்
இயக்குநர் கையால் எழுதிச் சேர்த்த ஒரு வரி:
"ஒன்றரை அடி தள்ளி நிற்பாள். திருத்த வேண்டாம்.
வெளிச்சத்தைத் தள்ளிக்கொள்ளுங்கள்."

முதல் பாட்டு முடிந்து
மூச்சு வாங்கியபடி மைக்கில் சொல்கிறாள்:
"எங்களுக்கு இந்த ஊரை ரொம்பப் பிடிக்கும்."

சொன்னபிறகுதான் அவளுக்கே கேட்கிறது.

அவள் பேசிய மொழியில் அது
யாரை உள்ளே விட்டது, யாரை வெளியே நிறுத்தியது
என்று காட்டிக்கொடுக்காத சொல்.
தமிழில் எழுதும் எனக்கு அந்த வசதி இல்லை.
நாம் என்றால் கேட்பவரும் உண்டு,
நாங்கள் என்றால் கிடையாது.
எங்களுக்கு என்று எழுதிவிட்டேன்.
அதில் இன்னும் நால்வர் இருக்கிறார்கள்:
ஒருத்தி வழக்கறிஞர் வழியாக மட்டும் பேசுகிறாள்,
ஒருத்திக்கு இரட்டைக் குழந்தைகள்,
ஒருத்தி தினமும் மேடையேறும் முன் செய்தி அனுப்புகிறாள்,
டால்வா அனுப்புவதில்லை.

பழைய பாட்டு வருகிறது.
இரண்டாம் சரணம் டால்வாவுடையது.
வலப்பக்கத்திலிருந்து ஓடிவந்து
இவள் தோளில் இடித்து நிற்பாள்.
அந்த இடிக்குத்தான் ஒன்றரை அடி.

ஜுசாரா மைக்கைத் தாழ்த்துகிறாள்.
டிரம்ஸ் மட்டும் தட்டிக்கொண்டே போகிறது.
காதுக்கருவியில் இயக்குநர் குரல்: "நான்கு, அணை."
வீப்கே அணைக்கவில்லை.
கை வழுக்கியதா, வழுக்க விட்டாளா,
ஒளிவட்டம் மெல்ல நகர்ந்து
பெருக்கல் குறியின்மேல் உட்காருகிறது.
அங்கே கொஞ்சம் தூசி,
யார் உடையிலிருந்தோ உதிர்ந்த ஒரு ஜிகினா.

மேல் வரிசையில் யாரோ ஆரம்பிக்கிறார்கள்.
போர்த்துகீசியம் தெரியாத தொண்டை.
மூக்கால் ஒலிக்க வேண்டியதை வாயால் ஒலிக்க
ரொட்டி குச்சியாகிவிடுகிறது.
பதினைந்தாயிரம் பேரும் சேர்ந்து
அம்மாவிடம் சுடச்சுடக் குச்சி கேட்கிறார்கள்.

ஜுசாரா சிரித்துவிடுகிறாள்,
ஒத்திகையில் இல்லாத, மூக்கில் சீறி வரும் சிரிப்பு.
"மறுபடியும் பாடுவோம்" என்கிறாள்.

பாடுவோம்.
இந்த இடத்தில் தமிழ் எனக்கு இரங்குகிறது.
வினைமுற்றே போதும், எழுவாய் வேண்டாம்.
நாமா நாங்களா என்று
எந்த இலக்கணக்காரரும் வந்து கதவைத் தட்ட முடியாது.

மேலே வீப்கே இரண்டாவது மிட்டாயைப் பிரிக்கிறாள்.
இன்னும் ஒன்பது பாட்டு. அடிவயிறு கனக்கிறது.
விடிவதற்குள் லாரிகள் ஆன்ட்வெர்ப்புக்குக் கிளம்பிவிடும்.
வெள்ளை நாடாவை இங்கே பிய்த்தெறிந்துவிட்டு
அங்கே புதிதாக ஒட்டுவார்கள்,
அளவெடுத்து, நட்டநடுவில்.